பல் கட்டும் கிருஷ்ணவேணியும் மாமன் சுங்கானும்

விழுப்புரத்தில் பல் செட்டு வைத்திருக்கிற பெரியவர்களில் பாதிப் பேர் மெல்லுவது தன் கைவேலையால்தான் என்று கிருஷ்ணவேணி சொல்லுவாள். அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது இருக்கலாம், நிறைய இல்லை. பஸ்ஸில் எதிர் சீட்டு ஆள் ஒரு கொட்டாவி விட்டால் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் யாராக இருந்தாலும் முழங்கையால் இடித்து, "நம்ம செட்டு. கொரோனாவுக்கு முந்தின வருஷம் கட்டுனது. கீழ்வரிசை இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்" என்பாள்.

கோலியனூர் சுப்புராயன் மகள் இவள். சுப்புராயனுக்கும் ராஜாமணிக்கும் மூன்று பெண்கள். மூத்தவளைப் பண்ருட்டியில் கொடுத்தார்கள், நடுவுள்ளவளை வளவனூரில். கடைக்குட்டி கிருஷ்ணவேணிக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. பாண்டிச்சேரியில் புகழேந்தி என்பவர் பல் செட்டுப் பட்டறை வைத்திருந்தார். அங்கே பிளாஸ்டர் குழைக்கப் போனவள் மெழுகில் பல் அடுக்கக் கற்றுக்கொண்டு, மூன்றாம் வருஷம் அவர் செட்டுக்கும் இவள் செட்டுக்கும் வித்தியாசம் தெரியாதபடி செய்தாள். இப்போது வயது ஐம்பத்தாறு. டாக்டர் ஷாலினியின் பல் ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் அவளுக்கென்று ஒரு அறை, ஒரு பாலிஷ் சக்கரம், ஒரு மின்விசிறி.

வாயைப் பார்ப்பது டாக்டர், அந்த வாயை வார்த்தெடுத்த பிளாஸ்டர் அச்சைப் பார்ப்பது இவள். ஆளையே பார்க்காமல் அச்சை மட்டும் கையில் எடுத்துத் திருப்பி, "இவரு வெத்தலை போடுறவரு, வலப்பக்கம் அடக்குறாரு" என்று சொல்லிவிடுவாள். டாக்டர் போய் விசாரித்தால் அப்படியே இருக்கும்.

அப்படிப்பட்டவள் தன் சொந்தத் தாய்மாமன் வாயில் தோற்றுப்போய் நின்றாள்.

ராஜாமணியின் கூடப்பிறந்த தம்பி முருகையன். ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், எண்பத்து மூன்று வயது. மனைவி போனபிறகு திண்டிவனத்தில் மகள் கவிதா வீட்டில் இருக்கிறார். கிருஷ்ணவேணிக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்ட மாமன் அவர். அவள் மகள் துர்காவுக்குக் குத்தியபோது சபையில் முதல் தாம்பூலம் அவருக்குத்தான் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கடைசிப் பல்லும் விழுந்தது. கிருஷ்ணவேணி ஒரு செட்டு கட்டிக் கொடுத்தாள். ஒரு வாய் சோறு மென்றதும் கீழ்வரிசை எழும்பிக்கொண்டது. இரண்டாவது கட்டினாள். அது பேசும்போதே நழுவியது. மூன்றாவதில் ஒவ்வொரு பல்லாக நான்கு நாள் உட்கார்ந்து இழைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்தார், முறுக்கு உடையவில்லை, செட்டு மடியில் விழுந்தது.

"வேணி, நீ கட்டுன பல்லு டம்ளர்ல இருக்கும்போது ஜோரா சிரிக்குது. என் வாயிக்கு வந்தா மட்டும் மூஞ்சத் தூக்கிக்குது" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எழுபத்தொரு கிலோ இருந்த மனிதர் அறுபதுக்கு வந்துவிட்டார். கேப்பைக் கூழ், கரைத்த இட்லி, பால் சோறு, இவ்வளவுதான் ஆகாரம். பிறகு மற்றவர்களோடு சாப்பிட உட்காருவதையே நிறுத்தினார். தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

வளவனூர் அக்கா போனில் சும்மா இருப்பாளா? "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுற. தாய்மாமன் வாயி மட்டும் உன் கைக்கு அடங்கல பாரு!"

இந்த நேரத்தில்தான் துர்காவின் குழந்தைக்குக் காது குத்து வந்தது. திருவாமாத்தூர் கோயிலில், ஆவணி மாதக் கடைசி ஞாயிறு. பத்திரிகை வைக்கப் போன கிருஷ்ணவேணியிடம் மாமன் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் தலையை ஆட்டிவிட்டார்.

"நான் வரலடி. வந்து இன்னா பண்றது? பந்தியில குந்திக்கினு அவனவன் வடை கடிக்கிறத வேடிக்க பாக்கணுமா?"

"மாமா, நீ வராம என் வூட்டுல ஒரு காரியம் நடந்ததில்ல."

"இது ஒண்ணு நடந்துட்டுப் போவட்டும்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மாமன் மேல் இல்லை. பந்தியில் மாமனுக்குரிய இடம் காலியாகக் கிடந்தால், அது தன் வேலையைப் பார்த்து ஊர் போட்ட மார்க்கு என்று நினைத்தாள். இன்னும் பதினோரு நாள் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கவிதா விழுப்புரத்துக்கு வந்தாள். கைப்பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். பிரித்தால் மாமன் சுங்கான். வெள்ளைக்காரர்கள் வாயில் வைத்துப் புகை பிடிப்பார்களே, கிண்ணமும் தண்டுமாக வளைந்து, அதுதான். மாமன் அதைப் பைப்பு என்பார். நெஞ்சு வலி வந்த வருஷம் புகையிலையை விட்டுவிட்டார். சுங்கானை விடவில்லை. வெறும் சுங்கானைக் கடைவாயில் கடித்துக்கொண்டே பேப்பர் படிப்பார், கிரிக்கெட் பார்ப்பார், கடைக்குப் போவார். பல் போனபிறகு அது வாயில் நிற்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணி, இத்தப் புதுசாட்டம் பண்ணிக் குடு. பல்லுதான் நிக்கல, பைப்பாச்சும் பளபளன்னு இருந்தா அப்பா கொஞ்சம் மனசு ஆறுவாரு. வாயி வெக்கிற எடத்துல பல்லுத் தடம் இருக்குது பாரு, ஈறுல குத்துதாம். அத்த ராவி எடுத்துரு."

"குடு. பாலிஷ்தானே, நம்ம வேலதான்" என்று வாங்கி வைத்தாள் கிருஷ்ணவேணி.

சின்ன வயசிலிருந்து பார்க்கிற பொருள்தான். ஆனால் மாமன் வாயில் பார்த்ததுதானே ஒழிய, கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கவிதா பஸ் ஏறிய பிறகு விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் அவள் பார்த்தது கனத்தை. கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கனம். ஒரு விரலைத் தண்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். கிண்ணத்தை ஒட்டிய இடத்தில் அது தராசு முள் மாதிரி நின்றது. வாயில் தொங்கும்போது பல்லுக்குப் பாரம் தெரியக்கூடாது என்று செய்தவன் யாரோ கணக்குப் போட்டிருக்கிறான். தண்டும் நேராக இல்லை, ஒரு வளைவு. புகை கண்ணுக்கு நேரே ஏறாமல் இருக்கவும், கிண்ணம் தாடைக்குக் கீழே இறங்கி நிற்கவும் அந்த வளைவு.

பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். இது மரம் இல்லை, வேர் என்று மாமன் சொல்லியிருக்கிறார். கடலுக்கு அப்பால் எங்கோ மலையில், பாறை இடுக்கில் தண்ணீர் கிடைக்காமல் முப்பது நாற்பது வருஷம் கிடந்து இறுகிப்போன ஒரு புதர்ச்செடியின் வேர்க்கட்டி. பிரையர் என்று பெயர். அதைத் தோண்டி எடுத்து, அறுத்து, கொதிக்கிற தண்ணீரில் நாள் முழுக்க வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் காயப்போட்ட பிறகுதான் கடைய ஆரம்பிப்பார்களாம். நெருப்பை வயிற்றில் வைத்துக்கொண்டாலும் எரியாது.

ஈரத் துணியால் துடைத்ததும் ரேகை எழும்பி வந்தது. கிண்ணத்தின் பக்கவாட்டில் கோடுகள் அடியிலிருந்து மேலே தீக்கொழுந்து மாதிரி நேராக ஏறின. குப்புறக் கவிழ்த்தால் அதே கோடுகளின் நுனி அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக, குருவிக் கண்கள் மாதிரி. வேரை எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக் கடைந்தால் கோடு பக்கத்திலும் கண் அடியிலும் விழும் என்று பார்த்து, அதற்குப் பிறகே உளியை வைத்திருக்கிறான். கிண்ணத்தின் சுவரைக் கவ்வி அளக்கிற காலிப்பரில் அளந்தாள். சுற்றிலும் ஒரே கனம், மயிரிழை மாற்றமில்லை. புகை இழுக்கிற துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டாள். கம்பி நேரே கிண்ணத்தின் அடித்தளத்தின் நட்டநடுவில் தலையை நீட்டியது. இரண்டு பக்கமிருந்தும் துளை போட்டு இருட்டுக்குள் ஒன்றை ஒன்று சந்திக்க வைத்திருக்கிறான்.

கிண்ணத்தின் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் நகம் நின்றது. கடுகளவு பள்ளம். வேருக்குள் மணல் இருந்திருக்கும். அதை நிரப்பி, மேலே ரேகையின் சாயத்திலேயே பூசி மறைத்திருந்தான். கிருஷ்ணவேணி சிரித்துவிட்டாள். செட்டில் ஒரு காற்றுக்குமிழ் விழுந்தால் அவளும் இதைத்தான் செய்வாள்.

"கெட்டிக்காரன்யா நீ" என்று அந்த முகம் தெரியாத ஆளிடம் வாய்விட்டே சொன்னாள்.

கழுத்தில் ஏதோ முத்திரை அடித்த இடம் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. பெயர் போய்விட்டது. அவள் செட்டுகளிலும் பெயர் கிடையாது.

சுங்கான் மாமனுக்கு வந்த கதை உறவில் எல்லோருக்கும் தெரியும். விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் அவர் கரி தள்ளுகிற ஃபயர்மேனாக இருந்தபோது அலெக்ஸ் துரை என்கிற சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், டிரைவர். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய வருஷம், தன் அப்பா சீமையிலிருந்து வரவழைத்துப் பெட்டியிலேயே வைத்திருந்த சுங்கானை இவருக்குக் கொடுத்தார். தான் பிடித்துக்கொண்டிருந்ததைக் கொடுக்கவில்லை. எச்சில் பட்டதை இன்னொருவனுக்குக் கொடுக்கலாகாது என்கிற நம் ஊர் முறை தெரிந்தவர். ஆக, அதில் இருக்கிற பல் தடம் முழுவதும் மாமனுடையது.

வாயில் வைக்கிற தண்டு வேர் இல்லை, கெட்டிப்படுத்திய ரப்பர். வெயில் பட்டுப்பட்டுப் பச்சையும் மஞ்சளுமாக வெளுத்திருந்தது. இந்தச் சாமான் கிருஷ்ணவேணிக்கு நன்றாகத் தெரியும். புகழேந்தியின் பட்டறையில் ஒரு பழைய பல் செட்டு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பிளாஸ்டிக் வராத காலத்தில் பல்லின் ஈறை இதே கெட்டி ரப்பரில்தான் செய்தார்கள். மாமன் வாயில் ஐம்பது வருஷம் இருந்தது தன் தொழிலின் பழைய சரக்கு என்று நினைத்தபோது அவளுக்கு உறவு இன்னும் ஒரு சுற்று நெருங்கினாற்போல் இருந்தது.

தண்டும் கழுத்தும் சேருகிற கோட்டில் நகத்தை ஓட்டினாள். எங்கும் தட்டவில்லை. தண்டைக் கழற்றித் தனியாகத் தேய்த்தால் அந்த விளிம்பு உருண்டு போய்விடும் என்று தெரிந்து, பொருத்தினபடியே வைத்துக் கிண்ணத்தைத் துணியால் சுற்றிக்கொண்டாள். ஈரமான உப்புத்தாளால் தேய்த்து, பியூமிஸ் என்கிற எரிமலைக்கல் பொடி போட்டுச் சக்கரத்தில் கொடுத்தாள். பச்சை போய் எருமைக் கொம்பு மாதிரிக் கறுப்பு வந்தது. வாய்ப்பக்கம் மட்டும் பாக்கி. தண்டு அங்கே தட்டையாகி, நுனியில் பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு மெல்லிய வரம்பு. அதற்கு முன்னால் மேலும் கீழும் பல் தடங்கள்.

அரத்தை எடுத்துத் தடத்தின் மேல் வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போயிருக்கும்.

இழுக்கவில்லை. கை நின்றுவிட்டது. மேல் தடத்துக்கு நேர் கீழே கீழ்த்தடம் இல்லை.

விளக்கில் சாய்த்துப் பார்த்தாள். மேல்பல் பதிந்த குழியிலிருந்து கீழ்ப்பல்லின் குழி ஒரு அரிசியளவு கிண்ணத்துப் பக்கம் தள்ளி, இடப்பக்கமும் நகர்ந்திருந்தது. காலிப்பரை வைத்து இரண்டு தடவை அளந்தாள். உள்ளே போய் மூன்றாவது செட்டின் அச்சைக் கொண்டுவந்தாள். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பூட்டி வைத்திருக்கிற பித்தளைக் கருவியில் அது இருந்தது. அதில் வாய் சாந்தமாக, நேர்கோடாக மூடியிருந்தது. மூன்று செட்டுக்கும் அதே நேர்கோடுதான்.

"இது யாரு வாயி?" என்று அச்சைக் கேட்டாள்.

ஐம்பது வருஷம் ஒரு மனிதன் விழித்திருக்கிற நேரமெல்லாம் சுங்கானைத் தாங்கிக்கொண்டு தாடையை முன்னால் நீட்டி இடப்பக்கம் ஒதுக்கியே வாழ்ந்திருக்கிறான். அந்தத் தாடை மெல்லும்போது எங்கே போகும்? பழகின இடத்துக்குத்தான் போகும். இவள் நேராகக் கட்டியிருக்கிறாள். தாடை இடப்பக்கம் போக, செட்டு வலப்பக்கம் கிளம்பியிருக்கிறது. கோளாறு பல்லில் இல்லை, கடி எடுத்ததில், இரண்டு தாடையும் சேருகிற நிலையை மெழுகில் பதித்ததில்.

உடனே கவிதாவுக்குப் போன் போட்டாள். "பைப்பு ரெடி. ஆனா ஒங்கப்பா நேரா வந்து வாங்கிக்கட்டும். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்னு சொல்லு."

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமன் வந்துவிட்டார், வெள்ளைச் சட்டை, கையில் குடை.

"பைப்பு எங்கடி?"

"இருக்குது. மொதல்ல சேர்ல குந்து மாமா."

"புல்லக் காட்டி மாட்டப் புடிக்கிற மாதிரி புடிச்சிட்டியே!"

டாக்டர் ஷாலினி கையுறை மாட்டிக்கொண்டு, கடி எடுக்க, பல் வரிசை மாதிரி வளைத்த மெழுகு வரம்புகளை மேலும் கீழும் அவர் வாயில் வைத்தார். "அய்யா, எப்பவும் போல கடிங்க."

சொன்னதுதான் தாமதம். மாமன் முதுகை நிமிர்த்தினார், தாடையை உள்ளே இழுத்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி வாயைக் கோடு கிழித்தாற்போல் மூடினார். கிருஷ்ணவேணி இந்தத் தடவைதான் அவர் பக்கத்தில் நின்று கவனித்தாள். மூன்று தடவையும் கடி எடுக்கும்போது அவள் பின்கட்டில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இன்னா பண்ற?"

"கடிக்கச் சொன்னாங்க, கடிக்கிறேன்."

"இப்பிடி யாரு முன்னாடி கடிப்ப?"

மெழுகை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார். "ரயில்வே டாக்டரு முன்னாடி. வருஷா வருஷம் மெடிக்கல் இருக்குது இல்ல? கண்ணு, காது, வாயி, எல்லாம் பாப்பாங்க. நேரா குந்தணும், நேரா மூடணும். கொஞ்சம் கோணினா அன்ஃபிட்டுன்னு எழுதிருவாங்களோன்னு பயம். எஞ்சின்லேர்ந்து எறக்கி ஷெட்டுல கரி அள்ள வுட்டுருவாங்க."

"ரிட்டயர் ஆயி இருபத்திமூணு வருஷமாச்சு மாமா!"

"வெள்ளக் கோட்டப் பாத்தா ஒடம்பு தானா நேராவுது. நான் இன்னா பண்ண?"

டாக்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிருஷ்ணவேணி மெழுகு வரம்பின் இடப்பக்கத்தில் கத்தியால் சுங்கான் தண்டு நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன வளைவு வெட்டினாள். பாலிஷ் போட்ட சுங்கானை எடுத்து நீட்டினாள்.

மாமன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பும் செம்பழுப்புமாக, தீக்கொழுந்து ரேகையோடு அது மினுங்கியது. "அடி ஆத்தே… அலெக்ஸ் துரை பொட்டியத் தொறந்து காட்டும்போது இப்பிடித்தான் இருந்துச்சு." பிறகு கட்டைவிரலால் வாய்ப்பக்கத்தைத் தடவினார். "தடத்த எடுக்கலயா?"

"எடுக்கல. அதுதான் எனக்கு வேணும். வாயில வெச்சிக்க. எஞ்சின்ல காட்பாடி லைனுல போய்க்கினு இருக்கிறன்னு நெனச்சிக்க. டாக்டரம்மாவுக்கு அலெக்ஸ் துரை கதயச் சொல்லு."

வைத்துக்கொண்டார், சொல்ல ஆரம்பித்தார். மாமன் முதல் இரண்டு நிமிஷம் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நிமிஷம் திருவண்ணாமலை தாண்டி எஞ்சினில் போய்க்கொண்டிருந்தார். தோள் இறங்கியது. தாடை முன்னால் வந்து, இடப்பக்கம் ஒதுங்கி, சுங்கானை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றது.

"இப்ப டாக்டர்!" என்றாள் கிருஷ்ணவேணி.

டாக்டர் அப்படியே கடியைப் பூட்டி எடுத்தார். "வேணிக்கா, புக்குல இப்படி இல்லையே" என்றார்.

"புக்கு எழுதினவருக்கு எங்க மாமனத் தெரியாது டாக்டர்."

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரிந்த வேலை. பின்பற்களை மேடு பள்ளமில்லாமல் தட்டையாக அடுக்கினாள், தாடை நேராக வந்தாலும் ஒதுங்கி வந்தாலும் தட்டாமல் வழுக்கிப் போவதற்காக. இடப்பக்கம் கோரைப்பல்லுக்கு அடுத்த இடத்தில், மேல்பல்லிலும் கீழ்ப்பல்லிலும் தண்டின் அளவுக்கு ஒரு பிறை வெட்டினாள். அவருடைய சொந்தப் பற்களும் அங்கே அப்படித்தான் தேய்ந்திருக்க வேண்டும். செட்டின் விளிம்பை இழைக்கும்போது அந்தச் சுங்கான்காரனை நினைத்தாள். உதடு படுகிற இடத்தில் அவன் எவ்வளவு மெலித்திருந்தான், ஆனால் மெலிந்த இடம் ஒன்றுகூட உடையாமல் ஐம்பது வருஷக் கடியைத் தாங்கியதே. தானும் நாக்குப் பக்கத்தை முன்னைவிட மெலித்தாள், தாங்குகிற இடத்தில் கனத்தை விட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக்கரத்தை நிறுத்தியபோது, இது நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மாமனுக்கு மாட்டிவிட்டாள். அவர் கண்ணாடி பார்த்தார், சுங்கானை வைத்துப் பார்த்தார், போய்விட்டார். கவிதாவிடமிருந்தும் போன் இல்லை.

ஞாயிறு காலை திருவாமாத்தூரில் குழந்தை கத்தி அழுது, காது குத்தி முடித்து, மண்டபத்தில் முதல் பந்திக்கு இலை போட்டார்கள். கிருஷ்ணவேணி யாரிடமும் கேட்காமல் வரிசையின் முதல் இலையைக் காலியாக விட்டிருந்தாள். சாம்பார் வாளி வருகிற நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, குடை. மாமன் நேராக வந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் அப்பளத்தை நொறுக்கினார். சோறு பிசைந்து நான்கு வாய் சாப்பிட்டார். பிறகு வடையை எடுத்துப் பாதியாகக் கடித்தார். மென்றார். சட்டென்று நிறுத்தி முகத்தைச் சுளித்தார்.

"வேணி, இங்க வா. இன்னாடி இது, வடையில கல்லு?"

கரண்டியோடு நின்றிருந்தவள் ஓடி வந்து குனிந்தாள். "கல்லா மாமா? துப்பு, துப்பு, கடிக்காத!"

"கடிச்சிட்டேன்." அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "மொளகு. முழு மொளகு. ரெண்டு வருஷமாச்சுடி மொளகு கடிச்சி. என்னா காரம்!" தண்ணீரைக் குடிக்காமல் மிச்ச வடையையும் வாயில் போட்டுக்கொண்டு, வெறும் இலையைக் காட்டினார். "இன்னும் ரெண்டு வெய்யி."

சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து வெறும் சுங்கானை எடுத்து இடது கடைவாயில் வைத்தார். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கையை எடுத்துவிட்டார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தது.

வளவனூர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "பரவாயில்லியே. எத்தினியாவது செட்டுடி இது, நாலாவதா?"

"மாமனுக்கு இதான் மொத செட்டுக்கா" என்றாள் கிருஷ்ணவேணி, வடைத் தட்டை அவள் கையில் கொடுத்தபடி. "மத்த மூணும் ரயில்வே டாக்டருக்குக் கட்டுனது."